பலகையில் 214

அல்சூர், பெங்களூரு
28.12.2024, சனிக்கிழமை இரவு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தங்கச்சிக்கு ஜனவரியில் பரீட்சை.

எதிர்வீட்டு அண்ணன் 3ஆம் தேதி துபாய் வருகிறார். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு ஜோடி கையுறையும் வைத்திருக்கிறேன். ரோஜாவும் காகிதப்பூவும் வெட்டுவதற்கு எங்களுக்குக் கொடுத்த தோல் கையுறை, முழங்கை வரை வரும். அங்கேயும் கொடுப்பார்கள், தெரியும். இருந்தாலும் போட்டுக்கொள். இந்தக் கடிதமும் அந்தப் பையில்தான் இருக்கும். போனில் படம் பிடித்து அனுப்பலாம், ஆனால் அதற்குத் தங்கச்சி கையில் கொடுக்க வேண்டும். இதை அவள் படிக்க வேண்டாம்.

போன வாரம் ஊத்தங்கரை போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தோம். இந்த மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை நீயும் பார்த்திருப்பாய். மாமா வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் இடுப்புக்கு மேலே இருக்கிறது. அரிசி மூட்டை, பத்திரம், தையல் மெஷின் எல்லாம் போயிற்று. நீ அனுப்பிய பணத்தில் பத்தாயிரத்தை அத்தை கையில் கொடுத்தேன். உன்னிடம் கேட்காமல் கொடுத்துவிட்டேன். நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய்.

அந்த மழை சமயத்தில்தான் ஒன்று கவனித்தேன். மாமாவைப் பற்றி நான் எழுதியதற்கு நீ வாய்ஸில் பதில் சொன்னாய். அதற்கு அடுத்ததும் வாய்ஸ், அதற்கு அடுத்ததும் வாய்ஸ். நீ சின்ன விஷயத்துக்கும் பத்து வரி டைப் அடிக்கிற பிள்ளை. வேலை அதிகமாக இருக்கும், சரி. குளிர் காலம்தானே அங்கே தோட்ட வேலைக்கு நல்ல காலம்.

இன்று எங்கள் கம்பெனியில் வருடக் கடைசிக் கூட்டம். அத்திப்பள்ளி பக்கம் இருக்கிற நர்சரியில் ஷாமியானா போட்டு, எல்லா சைட்டிலிருந்தும் பஸ் வைத்து அழைத்துப் போனார்கள். வாசலில் ஒரு பெரிய பலகை, விபத்து இல்லாமல் 214 நாள் என்று எழுதி மாலை போட்டிருந்தார்கள். மே 28லிருந்து கணக்கு. அன்றைக்குத்தான் ஒயிட்ஃபீல்ட் சைட்டில் புல் வெட்டுகிற பிரஷ் கட்டர் மெஷினிலிருந்து தெறித்த கல் ஒன்று, களை எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முழங்காலுக்குக் கீழே பட்டு ஏழு தையல் போட்டது. மெஷின் ஓட்டியவன்மேல் தப்பு இல்லை. அவனைச் சுற்றி ஐம்பதடிக்கு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. அவளை அங்கே உட்கார வைத்தது சூப்பர்வைசர். அந்த சூப்பர்வைசர் நான் இல்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லி போன் வந்தால் யாருக்கும் ஐம்பதடி நினைவு வராது.

அதற்குப் பிறகு நிறைய மாறியிருக்கிறது. புல் வெட்டுகிற இடத்தைச் சுற்றி முதலில் கயிறு கட்ட வேண்டும், கல் பொறுக்க வேண்டும், பிறகுதான் மெஷின். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சைட்டில் பாதி மெஷினை பேட்டரிக்கு மாற்றிவிட்டார்கள். மழைக்கு முன்னால் ஒவ்வொரு தூங்குமூஞ்சி மரத்தையும் தட்டிப் பார்த்து, உளுத்த கிளையைக் கயிறு கட்டி இறக்குகிறோம். தண்ணீர் விஷயம் உனக்குத் தெரியும். மார்ச்சில் குடிதண்ணீரைச் செடிக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று போட்டார்களே, அப்போது பாதிப் புல் கருகிவிட்டது. இன்றைக்கு எங்கள் சைட் முழுவதும் சுத்திகரித்த கழிவுநீர்தான். சொட்டுநீர்க் குழாயை நானே நின்று போட வைத்தேன். நீ போனில் சொல்லிக் கொடுத்தபடிதான் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். என் பையன் சொன்னது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அப்புறம் ஒரு நோட்டு. அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்கிற மாதிரி ஏதாவது நடந்தால் அதில் எழுத வேண்டும். அதற்கு அவர்கள் நியர் மிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் தப்பிச்ச நோட்டு என்போம். ஏணி சறுக்கியது, தொட்டிக்கு அடியில் பாம்பு இருந்தது, மரத்தின் மேலிருந்து ரம்பம் விழுந்தது. முதலில் யாரும் எழுதவில்லை. எழுதினால் திட்டு விழும் என்று பயம். எழுதினால் சம்பளம் பிடிக்க மாட்டோம், எழுதாமல் மறைத்தால்தான் கேட்போம் என்று கம்பெனியில் பாதுகாப்பைப் பார்க்கிற சேஃப்டி பொண்ணு நாலு மாதம் திரும்பத் திரும்பச் சொல்லி வழிக்குக் கொண்டுவந்தாள். உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

எங்கள் சைட்டிலும் ஈச்ச மரம் இருக்கிறது, முன் வாசலில் ஆறு. மட்டை அடியில் இருக்கிற முள் விரல் நீளம். செப்டம்பரில் ஒரு பையனுக்கு விரல் மூட்டில் குத்தியது. பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். மேலே தோல் ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து விரல் வீங்கி மடக்க முடியவில்லை. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் முள் நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கிறது. மூட்டில் குத்தினால் வெளியே ஆறினது ஆறினது ஆகாதாம். ஜனவரியில் உங்களுக்கும் பேரீச்சைக்கு முள் எடுக்கிற வேலை வரும். கையுறை போட்டுக்கொள்.

சேஃப்டி பொண்ணிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், துபாயில் வேலையில் அடிபட்டால் என்ன செய்வார்கள் என்று. அங்கேயும் வைத்தியச் செலவு கம்பெனியுடையதாம். ஆறு மாதம் வரைக்கும் முழுச் சம்பளம் கொடுக்கச் சட்டம் இருக்கிறதாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டுமே என்று யாரும் வலியோடு வேலை செய்ய வேண்டியதில்லை என்று சொன்னாள். தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு நீ வீடியோவில் வந்தபோது இரண்டு கையாலும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு இரண்டு தரம் வந்தாய். இரண்டு தரமும் முகம் மட்டும்தான். தங்கச்சி கையசைத்தபோது நீ தலையை ஆட்டினாய்.

இன்று கூட்டத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். 22 வருடமாகத் தோட்ட வேலையில் இருக்கிற பெண், களைக்கொத்தியோடு வந்து சூப்பர்வைசர் ஆனவர் என்று மைக்கில் சொன்னார்கள். கவரில் 5,000 ரூபாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நீ ஒரு போன் போட்டு எப்படிம்மா இருந்தது என்று கேட்பாய் என்று எட்டு மணி வரை பார்த்தேன். சரி, அதை விடு. அந்த மைக்கிலேயே சேஃப்டி பொண்ணு கேட்டாள், "அக்கா, இத்தனை வருஷத்துல உங்க கண்ணெதிர்ல விபத்து ஏதாவது நடந்திருக்கா? புதுசா வந்தவங்களுக்குச் சொல்லுங்க." நான் சொன்னேன், "கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்லம்மா." எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடாமல் எழுத வைக்கிறது.

கண்ணு, நீ பதினொரு வயதில் போண்டா தின்று சாகப் பிழைத்தாய் என்று நம் வீட்டில் சொல்வோமே. இன்றைக்கும் தள்ளுவண்டி போண்டாவைப் பார்த்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அது போண்டா இல்லை.

2009, ஏப்ரல் லீவு. சர்ஜாப்பூர் ரோட்டு அப்பார்ட்மெண்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் உன்னை அழைத்துப் போனேன். செம்பருத்தி வேலி முழுக்க மாவுப்பூச்சி. மருந்தடிக்கிற ஆள் வரவில்லை. எனக்கு இடுப்பு வலி, நீ நான் தூக்குகிறேன் என்றாய். டேங்கை உன் முதுகில் மாட்டினேன். மூடி சரியாக இறுகவில்லை, மருந்து வழிந்து சட்டை நனைந்தது. அதை நான் பார்த்தேன். இன்னும் நாலு செடிதான் என்று சொன்னேன். அந்த டப்பாவில் கொடிய விஷம் என்று காட்டுகிற சிவப்பு முக்கோணம் இருந்தது. எனக்கு அது தெரியாது என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். தெரியும். ஊரில் தக்காளித் தோட்டத்துக்கு அடித்த மருந்துதான் அது. அந்த டப்பாவை எங்கள் அப்பா கூரையில் செருகி வைப்பார், எங்களைத் தொட விட மாட்டார்.

ஒரு மணி நேரத்தில் நீ வாந்தி எடுத்தாய், வேர்த்துக் கொட்டியது. பிள்ளையை வேலைக்கு வைத்தது தெரிந்தால் கேஸ் ஆகும் என்று காண்டிராக்டர் சொன்னார். அவர் சொன்னார், ஆனால் ஆஸ்பத்திரியில் பொய் சொன்னது என் வாய். டாக்டரம்மா உன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, செடிக்கு அடிக்கிற மருந்து ஏதாவது பட்டதா என்று கேட்டார். இல்லை, போண்டா தின்றான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து கேட்டார். மறுபடியும் இல்லை என்றேன். இரண்டு மணி நேரம் உனக்கு வெறும் சலைன் ஏறியது. உன் வாயில் எச்சில் வழிந்து மூச்சு கரகரவென்று இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஓடிப் போய் உண்மையைச் சொன்னேன். உடனே சட்டையைக் கத்தரித்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் ஊசி மாற்றி மாற்றிப் போட்டார்கள். நாலு நாள். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்பா லாரியில் போயிருந்தார். வந்ததும் அந்தப் போண்டாக்காரரிடம் போய்ச் சண்டை போட்டார், வண்டியைக் கவிழ்த்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அந்த மனிதர் பிறகு நம் தெருவுக்கு வரவில்லை. அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. அவரிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

நீ சின்னதில் மண்வெட்டியில் காலை வெட்டிக்கொண்டபோதும், மஞ்சள் வைத்துக் கட்டி, அப்பாவிடம் சொல்லாதே என்றேன். அடிபட்டால் வீட்டில் சொல்லக் கூடாது என்று உனக்குப் பழக்கியது நான்தான். அதனால் இப்போது நீ சொல்லவில்லை என்றால் உன்மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. ஆனால் வலது கைக்கு என்ன ஆயிற்று? முள்ளா, வெட்டா, விழுந்தாயா? டாக்டரிடம் முழுசாகச் சொன்னாயா? எத்தனை நாளைக்கு முன்னால், எதில் பட்டது, ஒன்று விடாமல் அவரிடம் சொல். வேலை போனால் போகட்டும். இங்கே பன்னிரண்டு ஏக்கர் புல்லும் ஆறு ஈச்ச மரமும் இருக்கின்றன, உனக்கு வேலை இல்லாமல் போகாது.

திங்கட்கிழமை தப்பிச்ச நோட்டில் 2009ஐ எழுதி சேஃப்டி பொண்ணிடம் கொடுக்கப் போகிறேன். சால்வையைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

பை கிடைத்ததும் பதில் போடு. வாய்ஸ் வேண்டாம். ஒரு தாளில் உன் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. எழுத முடியவில்லை என்றால் பக்கத்துக் கட்டிலில் இருக்கிற தம்பியை எழுதச் சொல்லி, ஏன் முடியவில்லை என்று அதில் எழுது.

அன்புடன்,
அம்மா