விஎம் விழுந்தால் அப்டேட்டை நிறுத்தாதீர்கள்: ஐடி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அப்டேட் போட்ட மறுநாள் காலையில் ஒரு விஎம் (சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினி) எழாமல் நின்றால் போதும், "இனி எந்த சர்வருக்கும் அப்டேட் வேண்டாம்" என்று மேலிருந்து உத்தரவு வந்துவிடுகிறது. வேலை நின்றுபோன கோபம் புரிகிறது. ஆனாலும் அந்த உத்தரவு தவறு. அதைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

விண்டோஸின் எஸ்எம்பி (கோப்புப் பகிர்வு வசதி) ஓட்டையை அடைக்கும் பேட்ச் 2017 மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீம்பொருள் பரவியது மே 12 அன்று. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு மாதம் இருந்தும் பேட்ச் போடாமல் விட்ட கணினிகளில்தான் அது புகுந்தது. "வேண்டாம்" என்ற ஒரு வரி உத்தரவு நம் சர்வர்களையும் அந்த வரிசையில் நிறுத்திவிடும்.

அப்டேட்தான் விஎம்மைக் கெடுத்தது என்பது பல நேரம் பாதி உண்மை. விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸான கெஸ்ட், அதைத் தாங்கும் மென்பொருளான ஹைப்பர்வைசர், அதற்கும் கீழே உண்மையான கணினியான ஹோஸ்ட் என்று மூன்று அடுக்கு இருக்கிறது. ஒன்றில் போட்ட அப்டேட், இன்னொன்றில் கிடந்த பழுதை வெளியே இழுத்துவிடும்.

2023 பிப்ரவரி 14 அன்று விண்டோஸ் சர்வர் 2022-க்கு வந்த கேபி5022842 என்ற அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விஎம்வேரின் ஹைப்பர்வைசரான இஎஸ்எக்ஸ்ஐ 6.7, 7.0 ஓடும் ஹோஸ்டுகளில், செக்யூர் பூட் (கையொப்பம் சரியாக உள்ள மென்பொருளை மட்டுமே பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயக்கியிருந்த விஎம்கள் இதைப் போட்டபின் பூட் ஆகவில்லை. புதிய பூட்லோடரின் (ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்) டிஜிட்டல் கையொப்பம் வேறு வடிவில் இருந்தது. விஎம்வேரின் செக்யூர் பூட் சோதனை அதைத் தவறாக நிராகரித்தது. விஎம்வேர் லாகை (பதிவுக் கோப்பு) திறந்தால் 'இமேஜ் டினைட்' என்ற வரி கண்ணில் படும். பேட்சை அன்இன்ஸ்டால் செய்து பயனில்லை. அந்த விஎம்முக்கு மட்டும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும், அல்லது பிப்ரவரி 21 அன்று வந்த இஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 3கே-வை ஹோஸ்டில் போட வேண்டும். இஎஸ்எக்ஸ்ஐ 8.0-இல் இந்தச் சிக்கலே இல்லை. கெஸ்டில் அப்டேட், பழுதோ ஹோஸ்டில். இங்கே அப்டேட்டை நிறுத்துவது பழுதை அப்படியே மூடிவைப்பதாகும்.

நேர்மாறாகவும் நடக்கும். 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப்பகுதி), லினக்ஸின் சொந்த ஹைப்பர்வைசரான கேவிஎம் மாட்யூல் லோட் ஆகும்போதே சிபியுவின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் கேவிஎம்மில் ஒரு விஎம் தொடங்கினால்தான் பிடிக்கும். இதனால் அந்தக் கெர்னல் ஓடும் ஹோஸ்டுகளில், இன்னொரு ஹைப்பர்வைசரான விர்ச்சுவல்பாக்ஸின் விஎம்கள் 'விஎம்எக்ஸ் ரூட் மோடு' பிழையோடு நின்றன. கெஸ்டில் யாரும் கைவைக்கவே இல்லை! கெர்னல் அளவுருவில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' என்று கொடுத்து ஹோஸ்டை ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

ரெட்ஹேட் லினக்ஸ் 8-இலிருந்து 9-க்கு மாறும் கெஸ்டில் 'அட்டெம்ப்டட் டு கில் இனிட்' என்று கெர்னல் பேனிக் (கெர்னல் முழுதாக நின்றுபோகும் பிழை) வந்தால் முதலில் சிபியு வகையைப் பாருங்கள். 9-க்கு எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு தரம் வேண்டும். கேவிஎம் விஎம்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸில் பழைய 'கேவிஎம்64' வகையில் விட்டிருந்தால் ஓடாது. 'ஹோஸ்ட்' என்று மாற்றினால் எழுந்துவிடும்.

எங்களைப் போல சர்வர் பார்ப்பவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: விழுந்த விஎம்மைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸ் இயல்பாக நடப்பு லாகோடு பழைய லாக் மூன்றை மட்டுமே வைத்திருக்கும். நான்காவது முறை ஸ்டார்ட் செய்யும்போது முதல் கிராஷின் லாக் அழிந்துபோகும். லாகை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டுப் பிறகு கைவையுங்கள்.

அடுத்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்சோலில் பாருங்கள். விஎம் பவர் ஆன் ஆகவே மறுத்தால் ஹோஸ்ட் பக்கம் தேடுங்கள். க்ரப் மெனு (எந்தக் கெர்னலில் பூட் செய்வது என்று கேட்கும் திரை) வந்தபின் பேனிக் என்றால் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். இடமில்லாமல் இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்கு வேண்டிய டிரைவர் தொகுப்பு) பாதியில் நின்றிருந்தால் ரூட் டிஸ்கை மவுண்ட் செய்ய முடியாமல் கெர்னல் விழும். பழைய கெர்னல்களை நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்குங்கள். லாகின் வரை வந்து, லோடு ஏறும்போது திடீரென்று அணைந்தால் ஹோஸ்டின் கெர்னல் லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' இருக்கிறதா என்று தேடுங்கள். மெமரி போதாமல் ஹோஸ்டே விஎம்மைக் கொன்றிருக்கும்.

விண்டோஸ் கெஸ்டில் 0எக்ஸ்7பி நீலத்திரை வந்தால் பெரும்பாலும் டிஸ்க் டிரைவர்தான். விர்ட்ஐஓ (விஎம்களுக்கென்றே உள்ள டிஸ்க் இணைப்பு) டிஸ்கைத் தற்காலிகமாக சாட்டாவாக (வழக்கமான டிஸ்க் இணைப்பு) மாற்றி பூட் செய்யுங்கள். 1 ஜிபி அளவில் விர்ட்ஐஓ டிஸ்க் ஒன்றைக் கூடுதலாக மாட்டி டிரைவரை இன்ஸ்டால் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து, பழைய டிஸ்கை மீண்டும் விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள். அந்தச் சிறிய டிஸ்கை மாட்டாமல் விட்டால் டிரைவர் பூட்டில் சேராது, மறுபடி அதே நீலத்திரைதான்.

நிர்வாகிகளே, எங்களுக்கு வேண்டியது பெரிய செலவில்லை. ஒவ்வொரு வகை சர்வருக்கும் ஒரு சோதனை விஎம் கொடுங்கள். அதே ஹைப்பர்வைசர் பதிப்பு, அதே செக்யூர் பூட் நிலை, அதே சிபியு வகை இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சோதித்ததற்கு அர்த்தமே இல்லை. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் பேட்ச் விடுகிறது. சோதனை விஎம்மில் உடனே போட்டு, இரண்டு முறையாவது ரீபூட் செய்து, ஒரு வாரம் கழித்து மற்றவற்றில் போட அனுமதி தாருங்கள். ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் ஒரே இரவில் அப்டேட் போடச் சொல்லாதீர்கள், எது கெடுத்தது என்று பிரித்தறியவே முடியாது. ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் ஒரு நேரத்து நிலைப் பதிவு) பேக்கப்பாக எண்ணவும் வேண்டாம்: 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. பேக்கப்புக்குத் தனி ஸ்டோரேஜ் ஒதுக்குங்கள்.

'அப்டேட் வேண்டாம்' என்ற சுற்றறிக்கையை ரத்து செய்து, மேலே சொன்ன ஒரு வார அட்டவணையை அடுத்த மாதப் பேட்சிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் சர்வர்களைப் பராமரிப்பவர்கள்