செயலாளர் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பதினோரு உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத இருபது பேருக்கும் வணக்கம்தான். அவர்களுக்கு அறிக்கை மின்னஞ்சலில் போய்ச் சேரும்.

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து, பழைய அமெரிக்கக் கார்களின் மேல் பைத்தியம் பிடித்த தமிழர்கள் சேர்ந்து தொடங்கிய நம் சங்கத்துக்கு இது ஆறாம் ஆண்டு. ஜனவரியில் பொங்கல் விழா நடந்தது. பனியால் கூட்டம் குறைவு. மே மாதம் பிக்கெட் அவென்யூ ஆலைக்கு, அதாவது 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் பிறந்த கட்டடத்துக்கு, போய் வந்தோம். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் அணிவகுக்கும் ட்ரீம் குரூஸுக்கு வழக்கம்போல நாற்காலி, புளியோதரையுடன் போய் உட்கார்ந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த ஓர் உறுப்பினரின் அப்பா, போன வண்டி எல்லாவற்றையும் 'பிளசர்' என்றே சொன்னார். நம்மில் யாருக்கும் திருத்த மனம் வரவில்லை. கில்மோர் கார் அருங்காட்சியகப் பயணம் ஆள் சேராததால் கைவிடப்பட்டது.

இனி வினாடி வினா. இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசுவதாகக் கேள்வி. அதனால் நடந்ததை அப்படியே பதிவு செய்கிறேன்.

மாதம் ஐந்து கேள்வி என்பது என் யோசனை. முதல் சில மாதங்கள் நன்றாகவே போயின. 1953-இல் வந்த செவ்ரலேயின் ஸ்போர்ட்ஸ் காரான முதல் கார்வெட்டில் எத்தனை சிலிண்டர் என்று கேட்டேன். எட்டு என்று ஒரே குரலில் பதில். ஆறுதான். அந்த ஆண்டு ஃபிளின்ட்டில் செய்த 300 கார்களிலும் 235 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட 'புளூ ஃபிளேம்' இன்ஜின், இரண்டே வேகம் கொண்ட பவர்கிளைட் கியர். பெயரில் 427 போட்டிருக்கும் ஃபோர்டு இன்ஜினின் உண்மையான அளவைக் கேட்டபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 4.23 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.78 அங்குலம், சிலிண்டர் எட்டு என்று பெருக்கிப் பார்த்து 425 என்றாள். பெரியவர்கள் கைதட்டினார்கள்.

அக்டோபரில்தான் தகராறு. இன்ஜின் கொள்ளளவில் ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரைத்திறன் என்ற கணக்கை முதலில் தொட்ட அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார் எது என்பது கேள்வி. பொருளாளர் 1957 கார்வெட் என்றார்: 283 கன அங்குலம், ஃப்யூல் இன்ஜெக்‌ஷன், 283 குதிரைத்திறன். செவ்ரலே அப்படித்தான் விளம்பரமும் செய்தது. என் தாளில் இருந்த விடை 1956 கிறைஸ்லர் 300பி: 354 கன அங்குல 'ஹெமி' வகை இன்ஜின், 355 குதிரைத்திறன். அது கூடுதல் காசு கொடுத்தால் கிடைத்த இன்ஜின், சாதாரண 300பி-யில் 340 தான், ஆகவே செல்லாது என்றார் பொருளாளர். அப்படியானால் கார்வெட்டின் இன்ஜெக்‌ஷன் மட்டும் இலவசமா என்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். கேள்வி சரிதான்.

இதற்கு நடுவில் துணைத் தலைவர் எழுந்து, 1957 டிசோட்டோ அட்வென்ச்சரரில் 345 கன அங்குலத்துக்கு 345 குதிரைத்திறன், அதுவும் கூடுதல் காசு இல்லாமல் எல்லா வண்டியிலும், என்றார். அந்த நிபந்தனையை வைத்தால் அவர் விடையே சரி என்பதை அன்றே ஒப்புக்கொண்டேன். அந்தக் கால எண்கள் எல்லாமே விசிறி, ஏர் ஃபில்டர், சைலன்சர் மாட்டாமல் சோதனை மேடையில் எடுத்தவை என்பதையும் சொன்னேன். 1972 மாடல்களிலிருந்துதான் எல்லாம் மாட்டி அளந்த எண்ணைப் போடத் தொடங்கினார்கள். 500 கன அங்குலக் கேடிலாக் எல்டொராடோ 1970-இல் 400 குதிரை, 1976-இல் 190. அளவுகோல் மாறியது ஒரு காரணம், கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தது இன்னொரு காரணம். இதை விளக்கி முடிப்பதற்குள் மூன்று குடும்பங்கள் காபி குடிக்காமலே கிளம்பிவிட்டன. நவம்பர், டிசம்பர் கூட்டங்களுக்கும் வரவில்லை.

சரி, அடுத்தது இன்ஜின். சங்கப் பணத்தில் வாங்கிய 283 செவ்ரலே இன்ஜின் வீண்செலவு என்று ஒரு கருத்து உலவுகிறது. விற்றவர் கார்வெட்டிலிருந்து கழற்றியது என்றார். முன்பக்கம் வலது ஹெட்டுக்குக் கீழே குத்தியிருந்த எழுத்தைத் தேடிப் பார்த்ததில் சாதாரண செடான் இன்ஜின் என்று தெரிந்தது. நாம் கொடுத்த விலையும் செடான் விலைதான். வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களைத் தாங்கத் தனித் தண்டு கிடையாது, ஒவ்வொன்றும் தன் போல்ட்டிலேயே ஆடும், எண்ணெய், ராக்கரைத் தள்ளும் குழல் போன்ற புஷ்ராடு வழியாக மேலே ஏறும் என்பதையெல்லாம் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்தார்கள். 1-8-4-3-6-5-7-2 என்ற ஃபயரிங் ஆர்டரை, அதாவது சிலிண்டர்கள் பற்றும் வரிசையை, வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது கார்புரேட்டர் வழியாகத் தீ சீறியது உண்மை. பிளக் ஒயர்களை மாட்டியவர் சிலிண்டர்களை ஃபோர்டு பழக்கத்தில் வலது பக்கம் ஒன்று முதல் நான்கு என்று எண்ணிவிட்டார். செவ்ரலேயில் ஓட்டுநர் பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. மாற்றி மாட்டியதும் ஓடியது. பெயர் சொல்லமாட்டேன், அவர் புருவம் முளைத்துவிட்டது.

வரவு செலவு: வரவுக்குள் செலவு ஏறக்குறைய அடங்கிவிட்டது. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அக்டோபருக்குப் பிறகு அவரிடம் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. சந்தா குடும்பத்துக்கு நாற்பது டாலர். முப்பத்தொரு குடும்பங்களில் பதின்மூன்று கட்டியிருக்கிறார்கள். கட்டாதவர்களில் இருவர் சொந்தமாக மஸ்டாங் வைத்திருக்கிறார்கள் என்பதைச் சும்மா குறிப்பிடுகிறேன்.

இடம் கொடுத்தவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், நாற்காலி மடக்கியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பில் தொடரும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் பொறுப்பை ஏற்பவர் இன்ஜினையும் ஏற்க வேண்டும். அது என் கராஜில் இருப்பதால் என் மனைவியின் கார் இரண்டாவது குளிர்காலமாகப் பனியில் நிற்கிறது. அப்படி யாரும் முன்வராவிட்டால், அப்புறம் பார்ப்போம். வினாடி வினா தொடரும். இனி விடைத்தாளைத் துணைத் தலைவர் முன்கூட்டியே சரிபார்ப்பார்.

அடுத்த கூட்டம் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, என் கராஜில். பிளக் பொறி விடும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் லைட் இருப்பவர்கள் கொண்டுவரவும். போன மார்ச்சில் என்னுடையதை வாங்கிப்போனவரும் கொண்டுவரலாம்.