அந்த நியூரான் மதிப்பைத்தான் சொல்கிறதா?

அன்பு கயலுக்கு,

எலி இரண்டு நெம்புகோல்களில் ஒன்றை அழுத்திச் சாறு பெறும் உன் சோதனையிலிருந்து நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். இடது நெம்புகோலின் மதிப்பு, அதாவது அதிலிருந்து எலி எதிர்பார்க்கும் பரிசு, ஏற ஏற, ஸ்ட்ரையாட்டம் என்ற மூளைப் பகுதியின் நியூரானின் துடிப்பும் ஏறுகிறது. சம்பந்தமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படித் தெரிய உள்ள வாய்ப்பு (பி) 0.05-க்குக் கீழே. சந்தோஷம்தான், ஆனால் அவசரப்பட்டு எழுத உட்கார்ந்துவிடாதே.

மதிப்பைக் கணக்கிட்ட விதம் சரி. பழைய மதிப்போடு, கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை 0.2-ஆல் பெருக்கிக் கூட்டியிருக்கிறாய். பூஜ்யத்தில் தொடங்கி மூன்று முறை சாறு சொட்டு (அதை 1 என்று வை) கிடைத்தால் 0.2, 0.36, 0.488, நான்காம் முறை ஏமாந்தால் 0.39. அந்த வித்தியாசத்தைத்தான் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நடுமூளை நியூரான்கள் சொல்வதாக ஷூல்ட்ஸ், டயான், மொன்டாகு மூவரும் 1997-இல் எழுதினார்கள். எதிர்பாராமல் சாறு வந்தால் துடிப்பு எகிறும். பழகியபின் அறிகுறி விளக்குக்கே எகிறும். வரவேண்டிய நேரத்தில் சாறு வராவிட்டால் அடங்கிப்போகும். உன் பெட்டியில் சாறு வால்வின் 'டிக்' சத்தமே அறிகுறியாகிவிடும், கவனி. பரிசு வரும் நேரத்தையும் நீட்டாதே. சுண்டெலி மூளைத் துண்டுகளில் யாகிஷிடா குழு 2014-இல் பார்த்தபடி, நியூரான்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் தூண்டலுக்குப் பின் சுமார் 0.3 முதல் 2 விநாடிக்குள் டோபமைன் வந்தால்தான் நியூரான் இணைப்பிலுள்ள முள் போன்ற சிறு புடைப்பு பெரிதாகிறது.

சிக்கல் உன் ரிக்ரெஷனில், அதாவது துடிப்பு மதிப்போடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்று பார்க்கும் கணக்கில். அது ஒவ்வொரு ட்ரையலும் (எலி ஒருமுறை நெம்புகோலைத் தேர்வதும்) தனித்தனி என்று நம்புகிறது. மதிப்போ மெல்ல மெல்ல நகர்வது. எலெக்ட்ரோட் சற்று அசைந்தாலோ எலிக்குத் தாகம் குறைந்தாலோ துடிப்பும் அப்படியே மெல்ல நகரும். நீ வளர்ந்த வருஷங்களில் உன் உயரமும் தங்கம் விலையும் சேர்ந்தே ஏறவில்லையா? எல்பர்-டொரோஸ்கோ, லோவன்ஸ்டைன் இருவரும் 2018-இல் இதைக் காட்டினார்கள். மயக்கத்தில் கிடந்த எலிகளின் செவிப்புலப் புறணியில் (ஒலியை உணரும் மூளைப் பகுதியில்) பதிந்த நியூரான்களை, சம்பந்தமே இல்லாத மதிப்புகளோடு ஒப்பிட்டார்கள். அங்கும் 'செயல் மதிப்பு நியூரான்கள்', அதாவது ஒரு செயலின் மதிப்பைச் சொல்வதுபோலத் தெரிபவை, கிடைத்தன! ட்ரையல் எண்ணை ஒரு மாறியாகச் சேர்த்தால் போதும் என்பார்கள். போதாது, நகர்வு நேர்கோட்டில் இருக்க வேண்டியதில்லையே.

ஆகவே, உன் நியூரானை மற்ற எல்லா செஷன்களின் (பதிவு அமர்வுகளின்) மதிப்புகளோடும் ஓட்டிப் பார். சொந்த செஷனின் மதிப்போடு வரும் தொடர்பின் அளவு, அந்தக் கூட்டத்தில் உச்ச 5 சதவீதத்துக்குள் வராவிட்டால் விட்டுவிடு. இதற்கு 20 செஷன்களாவது வேண்டும்.

தேறினாலும் ஒன்று பாக்கி. இரண்டு நெம்புகோல்களின் மதிப்பு வித்தியாசத்தைச் சொல்லும் நியூரான் என்றால் அது விருப்பத்தைச் சொல்கிறது. கூட்டுத்தொகை என்றால் பொதுவான செழிப்பை. 'இடதுக்கு பி குறைவு, வலதுக்கு அதிகம்' என்று மட்டும் பார்த்தால் இரண்டுமே செயல் மதிப்பு வேஷத்தில் நுழைந்துவிடும். கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் தனியே சோதி.

அடுத்த கூட்டம் எலிகளுக்கு, பரிசு கிடைக்கும் வாய்ப்பு விகிதங்களைப் பல ட்ரையல்களுக்கு ஒருமுறை என்று தொகுதி தொகுதியாக மாற்றாதே. நான்கு ஒலிகளுக்கு நான்கு விகிதம் என்று முன்பே பழக்கிவிட்டு, பதிவு நாளில் அவற்றைக் கலைத்துப் போடு. மெல்ல நகரும் மதிப்பு என்ற தொல்லையே அங்கு இல்லை. பழக்க அதிக நாளாகும் என்று உன் பேராசிரியர் முகம் சுளிக்கலாம். செஷன் மாற்றிப் பார்த்த முடிவை முதலில் காட்டிவிட்டுக் கேள்.

அன்புடன்,
அப்பா