சுவடி வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

மழையால் தடைப்பட்ட நவம்பர் நீங்கலாக எல்லா மாதங்களிலும் நமது கூட்டம் நடைபெற்றது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆயினும், கையிருப்பை மின்வருடி (ஸ்கேனர்) வாங்கச் செலவிடுவதா, சுவடி வாசிப்பு வகுப்புக்குச் செலவிடுவதா என்று செயற்குழுவில் எழுந்த விவாதத்தையும், அதற்கு வித்திட்ட இவ்வாண்டின் கருப்பொருளையும் சற்று விரித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

நாகரிகங்கள் சரியும்போது அறிவு எவ்வாறு தப்புகிறது என்பதே அக்கருப்பொருள். எதிர்பார்த்தபடியே பேச்சாளர் பலரும் நெருப்பைப் பற்றிப் பேசினர். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை ஜூன் கூட்டத்தில் நினைவுகூர்ந்தபோது அரங்கில் நெடுநேரம் யாரும் பேசவில்லை. ஆனால் நெருப்புக்குத் தப்பியும் ஓர் அறிவு மறைந்துபோக முடியும் என்பதை ஆகஸ்டு மாதத்து நினிவே உரையே நமக்கு உணர்த்தியது.

அசீரியப் பேரரசின் தலைநகரான நினிவே கி.மு. 612இல் பாபிலோனியரும் பண்டை ஈரானிய மக்களான மீடியரும் தாக்கியதில் அழிந்தது. அங்கே அசூர்பனிபால் மன்னன் திரட்டிய நூலகம் களிமண் பலகைகளால் ஆனது என்பதால், அரண்மனையை எரித்த தீயே அவற்றிற் பலவற்றைச் சூளையிலிட்ட செங்கல்போலச் சுட்டு இறுக்கிவிட்டது. இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள பலகைகளும் துண்டுகளுமாக அவை 30,000க்கு மேற்பட்டவை. பொருள் பிழைத்தது, வாசிப்பவர்கள்தாம் பிழைக்கவில்லை. அப்பலகைகளில் ஆப்பு வடிவக் கீறல்களாகப் பொறிக்கப்பட்ட ஆப்பெழுத்தைக் கற்பித்து வந்த மரபு கி.பி. முதல் நூற்றாண்டளவில் தேய்ந்து அற்றுப்போக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை உலகில் ஒருவராலும் அதைப் படிக்க இயலவில்லை. 1857இல் இலண்டனில் ஒரே ஆப்பெழுத்து வாசகத்தை நால்வரிடம் தனித்தனியே கொடுத்து, அவர்கள் முத்திரையிட்டு அனுப்பிய மொழிபெயர்ப்புகள் பெரிதும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே, படித்தது சரிதான் என்று அறிஞர் உலகம் ஏற்றது.

நம் ஓலையோ சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. கரையானுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இரையாவது. இருந்தும் சங்கப்பாட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது, ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் அதைப் படித்துப் புது ஏட்டில் பெயர்த்தெழுதியதால்தான். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்விகளால் சீவக சிந்தாமணியைக் கையிலெடுத்த உ.வே. சாமிநாதையர், ஏடும் நச்சினார்க்கினியர் உரையும் இருந்தும் சமணக் கலைச்சொற்களில் தடுமாறினார். அந்நூலைத் தொடர்ந்து படித்துவந்த அவ்வூர்ச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்த பிறகே அவருக்கு வழி திறந்தது. 1887இல் பதிப்பு வெளிவந்தது. அந்த இல்லங்களில் வாசிப்பு ஒரு தலைமுறை முன்பே நின்றிருந்தால் அவர் யாரைப் போய்க் கேட்டிருப்பார் என்று துணைத் தலைவர் எழுப்பிய வினா, பின்னர் விவாதத்தின் போக்கையே மாற்றியது.

பணிகளைப் பொறுத்தவரை, ஒரு குடும்பத்தார் ஒப்படைத்த வைத்தியச் சுவடிக் கட்டைத் தூசு நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மங்கிய எழுத்துக்குக் கரி பூசித் தெளிவாக்கினோம். ஒளிப்படமும் எடுத்தோம். அப்படங்கள் யாவும் ஒரே வன்தட்டில் இருந்ததும், அது பழுதானதும், ஏடுகளை உரியவரிடம் திருப்பித் தருமுன் மீண்டும் படமெடுக்க நேர்ந்ததும் செயலாளரின் கவனக்குறைவே, அதற்காக வருந்துகிறேன். இப்போது படிகள் மூன்று வெவ்வேறு வீடுகளில் உள்ளன. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒருங்குறி (யூனிகோடு) வழக்குக்கு வருமுன் பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட நமது தொடக்ககால ஆண்டறிக்கைகளைத் திறந்தபோது, திரையில் பொருளற்ற குறிகளே நிறைந்திருந்தன. மாற்றிச் செயலி ஒன்றால் மீட்டுவிட்டோம். நினிவேயைப் பற்றிப் பேசிய அதே மாதத்தில் இது நிகழ்ந்தது உறுப்பினர்களுக்கு நகைப்பையும் சற்றே அச்சத்தையும் தந்தது.

மின்வருடி வேண்டும் என்றவர்களின் வாதம் வலுவானது: ஏடு நாளைக்கே உடையலாம். ஆனால் புள்ளியில்லாமல், சொல் பிரிக்காமல், கெடு என்பதும் கேடு என்பதும் ஒரே வடிவில் எழுதப்பட்ட ஏட்டைத் தடையின்றி வாசிப்பவர் நம்முள் புலவர் ஐயா ஒருவரே. அவருக்கு அகவை 82. படத்தை நல்ல கைப்பேசியிலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்து மேலோங்கி, பெரும்பான்மையில் வகுப்புக்கு முடிவாயிற்று. வகுப்பு சித்திரை மாத முதல் ஞாயிறு காலை தொடங்கும்; புலவர் ஐயா நடத்த இசைந்துள்ளார். எழுத்தாணியும் பழைய ஓலையும் உள்ளவர்கள் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்