வண்டியை எண்றீங்க, எங்க வீட்டையும் எண்ணுங்க: ஊட்டி சீசனை நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

மாவட்ட நிர்வாகமோ, நகராட்சியோ, சுற்றுலாத் துறையோ, இது யார் டேபிளுக்கு வரணும்னு எனக்குத் தெரியல, அதனால எல்லாருக்கும் சேர்த்தே எழுதுறேன்.

ஈ-பாஸ் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2024 மே 7ல இருந்து பாஸ் இல்லாம வெளியூர் வண்டி மேல ஏற முடியாது. 2025ல அதுக்கும் மேல போய், ஏப்ரல் 1ல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறுன்னா 8,000 வண்டின்னு ஹைகோர்ட் கணக்கு போட்டுக் குடுத்துச்சு, நீங்களும் மலையடிவாரத்துல கல்லாறுல நிறுத்தி செக் பண்ணி அனுப்புனீங்க. மலை எவ்வளவு பேரைத் தாங்கும்னு பாக்க ஐஐடி மெட்ராஸையும் ஐஐஎம் பெங்களூரையும் விட்டிருக்காங்க. எல்லாம் நல்லதுதான், இதுல ஒண்ணையும் நான் குறை சொல்ல வரல. ஆனா மேல ஏறுற வண்டி எத்தனைன்னு எண்ற நீங்க, அந்த வண்டியில வந்தவங்க ராத்திரி தூங்குற வீட்ல போன வருஷம் யாரு குடியிருந்தாங்கன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா?

எங்க குடும்பத்தை ஹவுஸ் ஓனர் மார்ச் மாசம் கூப்ட்டு காலி பண்ண சொன்னாரு. கோவமாலாம் சொல்லல, டீ குடுத்துதான் சொன்னாரு. "ரெண்டு மாசம் மட்டும் எங்கயாவது சொந்தக்காரங்க வீட்ல இருந்துக்கோங்கம்மா, சீசன் முடிஞ்சு ஜூன்ல வந்துடுங்க, அட்வான்ஸ் அப்படியே இருக்கட்டும்"னாரு. எங்க பொண்ணு பத்தாவது. பரீட்சை ஏப்ரல் வரைக்கும் போகுதுங்க சார்னு என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பாத்தாரு. ஏப்ரல் மாசத்துக்கு ஆன்லைன்ல புக்கிங் வந்தாச்சு, கேன்சல் பண்ணா ரேட்டிங் போயிடும்னு பதில் வந்துச்சு. யாரோ முகம் தெரியாதவங்க குடுக்கப்போற ஸ்டார் ஒரு பக்கம், எங்க பொண்ணோட பரீட்சை ஒரு பக்கம், எது பெருசுன்னு அந்த வாசப்படியிலயே முடிவாயிடுச்சு.

கேத்தியில என் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். ரெண்டு ரூம் வீட்ல ஏற்கனவே அஞ்சு பேரு, நாங்க மாமியாரையும் சேர்த்து நாலு பேரு. பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாத்தையும் தெரிஞ்சவங்க ஒருத்தர் ஷெட்ல தார்ப்பாய் போட்டு மூடி வச்சோம், கேஸ் சிலிண்டர் பழைய அட்ரஸ்லயே இருந்துச்சு, டெலிவரி பண்ற தம்பி அங்க போய் டூரிஸ்ட்கிட்ட ஓடிபி கேட்டிருக்காரு. பொண்ணு சமையக்கட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்து படிச்சா, எல்லாரும் தூங்குன பிறகுதான் அவளுக்கு லைட்டு. பரீட்சை பத்து மணிக்குன்னாலும் லவ்டேல் ஜங்ஷன்ல வண்டி நின்னுடுமோங்கிற பயத்துல விடிஞ்சும் விடியாமலும் பஸ் ஏத்தி விடுவோம், ஸ்கூல் கேட் திறக்குற வரைக்கும் வெளியிலயே நின்னு புக்கைப் புரட்டிட்டு இருப்பா. கணக்கு பரீட்சை அன்னிக்கு அவ அழுதது மார்க்குக்காக இல்லம்மா, "நம்ம வீட்ல இப்ப யாரோ இருக்காங்கல்ல"ன்னு கேட்டு அழுதா. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியல.

ஜூன்ல திரும்பிப் போனோமான்னு கேப்பீங்க. போகல. சீசன்ல வந்த காசைப் பாத்ததுக்கு அப்புறம் ஓனர் வீட்டை வருஷம் பூரா காட்டேஜாவே வச்சுக்கிட்டாரு. நாங்க மாசம் பூரா குடுத்த வாடகை அவருக்கு ஒரு சனி ஞாயிறுல வந்துடுது, அவர் பக்கத்துல இருந்து பாத்தா கணக்கு சரிதான். அவரும் ஒண்ணும் கெட்டவர் இல்லீங்க. இந்து நகர்ல எச்பிஎஃப்ங்கிற ஃபிலிம் ஃபேக்டரியை மூடுன பிறகு இந்த ஊர்ல நிரந்தர வேலைன்னு என்ன மிச்சம் இருக்கு, பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காம சின்ன விவசாயி எத்தனை வருஷமா அல்லாடுறான், அந்த வீட்டு மேல அவருக்கும் லோன் இருக்கு. அதனாலதான் இந்த லெட்டரை அவருக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறேன்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். நான் வேலை பாக்குறதே எல்க்ஹில் பக்கம் ஒரு காட்டேஜ்ல ஹவுஸ்கீப்பிங்தான், என் வீட்டுக்காரர் ஓட்டுறதும் டூரிஸ்ட் வேன்தான், எங்க சோறு டூரிஸ்ட் குடுக்குறதுதான். அதனால டூரிஸ்டே வேணாம்னு நான் சொல்றதா யாரும் திரிச்சுப் பேச வேணாம். நான் பெட்ஷீட் மாத்துற அந்த வீட்ல முன்னாடி ஒரு டெய்லர் குடும்பம் இருந்துச்சு, எனக்கு நல்லாத் தெரிஞ்சவங்க, தீபாவளிக்கு அவங்க வீட்டுப் பலகாரம் எங்க வீட்டுக்கு வரும். அவங்க சாமி படம் வச்சிருந்த ஷெல்ஃப்ல இப்ப எலக்ட்ரிக் கெட்டிலும் டீ பேக்கும் இருக்கு, பின்னாடி செவுத்துல விளக்குப் புகை படிஞ்ச கருப்பு மட்டும் ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சும் இன்னும் முழுசாப் போகல. அவங்க இப்ப மேட்டுப்பாளையம் போயிட்டாங்க. பொறந்து வளர்ந்த மலையை விட்டு எறங்கி சமவெளி வெயில்ல தைக்கிறாங்க.

இது எங்க ரெண்டு குடும்பத்தோட கதையா இருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். காந்தல், தலையாட்டுமந்து, ஃபிங்கர்போஸ்ட், எந்தப் பக்கம் வேணா போய் வாடகைக்கு வீடு இருக்கான்னு கேட்டுப் பாருங்க. "ஃபேமிலிக்கா, டெய்லி ரென்ட்டா?"ன்னுதான் முதல் கேள்வி. ஃபேமிலின்னு சொன்னா மூஞ்சி மாறுது. நர்ஸ், ஸ்கூல் வாத்தியார், பேக்கரியில வேலை பாக்குற பசங்க, உங்க நகராட்சியில தெருக் கூட்டுற அக்காங்க, எல்லாரும் ஊருக்கு வெளிய வெளியன்னு தள்ளிப் போயிட்டே இருக்காங்க, காலையில வேலைக்கு மட்டும் ஊட்டிக்கு வர்றாங்க.

சமவெளியில இந்தப் பிரச்சனை வந்தா பக்கத்துல ஒரு நகர் போட்டு ரெண்டு மாடி கட்டிடுவாங்க. இங்க அது முடியுமா? முடியவும் கூடாது. 2009 நவம்பர் மழையில மண்ணு சரிஞ்சு எத்தனை உயிர் போச்சுன்னு நாங்க கண்ணால பாத்தவங்க. 2019ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. அதனாலதான் மலைக்குன்னு தனி கட்டட விதி இருக்கு, உயரத்துக்கு கட்டுப்பாடு இருக்கு, சரிவுல கட்ட அவ்வளவு அனுமதி வாங்கணும். அது எல்லாம் வேணும், கட்டாயம் வேணும். ஆனா புதுசா வீடு கட்ட முடியாத ஊர்ல இருக்கிற ஒரு வீடு காட்டேஜா மாறுச்சுன்னா அதுக்கு பதிலா இன்னொரு வீடு எங்க இருந்து வரும்? ஒரு வீடு போச்சுன்னா ஒரு குடும்பம் மலை எறங்குதுன்னு அர்த்தம். கட்டுறதுக்கு மட்டும் அத்தனை கையெழுத்து கேக்குற நீங்க, கட்டுன வீடு என்னவா மாறுதுன்னு பாக்குறதே இல்ல.

தப்பா நினைக்காதீங்க, கொஞ்சம் கோவமாத்தான் வருது. வெள்ளைக்காரன் இருந்தப்ப கோடை வந்தா மதராஸ் அரசாங்கமே ஃபைலைத் தூக்கிட்டு இங்க வந்துடும், தோடர்களோட மேய்ச்சல் காடு பங்களாவும் குதிரைப் பந்தய மைதானமுமா ஆச்சு. அவன் போனான், நாடும் நம்ம கைக்கு வந்துச்சு, ஆனா வெயில் காலத்துல இந்த ஊர் மத்தவங்களுக்குங்கிற நினைப்பு மட்டும் போகவே இல்ல. மே மாசம் வந்தா ரோடு போடுறீங்க, லைட் போடுறீங்க, மலர் கண்காட்சிக்கு அலங்காரம் பண்றீங்க. கோடப்பமந்து கால்வாய் சாக்கடையை சுமந்துட்டு வருஷம் பூரா ஏரிக்குள்ள போகுது, அந்த ஏரியிலதான் படகு சவாரி. சீசன்ல சேர்ற குப்பை மொத்தமும் தீட்டுக்கல்லுக்குப் போகுது, தீட்டுக்கல் பக்கத்துல இருக்கிற மனுஷங்க அந்த நாத்தத்தோட வாழணும். பார்சன்ஸ்வேலி தண்ணி எங்க தெருவுக்கு என்னிக்கு வரும்னு குடத்தை வச்சுட்டு காத்திருப்போம், அடுத்த கேட்டுல டேங்கர் வந்து தொட்டியை நிரப்பிட்டுப் போகும். கேட்டா சீசன்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்றாங்க. எத்தனை வருஷத்துக்கு நாங்களே அட்ஜஸ்ட் பண்றது?

சரி, குறையை மட்டும் அடுக்கிட்டே போகல, கேக்க வேண்டியதைக் கேக்குறேன்.

எங்க வீட்டை எண்ணுங்க. குடியிருப்பு தெருவுல இருக்கிற எத்தனை வீடு இப்ப தினசரி வாடகைக்குப் போகுதுன்னு வார்டு வார்டா கணக்கெடுங்க. இது ஒண்ணும் முடியாத வேலை இல்ல. ஈ-பாஸ் கொண்டு வரச் சொன்ன உத்தரவுலயே வர்றவங்க எத்தனை பேரு, எத்தனை நாளு, எங்க தங்குறாங்கன்னு விவரம் வாங்கச் சொல்லியிருக்கு. அப்படின்னா பாதித் தகவல் உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு. மீதி அந்த புக்கிங் ஆப்ல இருக்கு, போட்டோ, பெட்ரூம் எத்தனை, ஒரு ராத்திரிக்கு எவ்வளவு, எல்லாத்தையும் அவங்களே போட்டு வச்சிருக்காங்க. கரண்ட் கனெக்‌ஷனைப் பாருங்க. வீட்டுக் கனெக்‌ஷன்லயே ரூமுக்கு ஒரு கீசர் ஓடிட்டு இருக்கு, குடியிருக்கிற குடும்பத்துக்கு உதவட்டும்னு வீட்டுக் கனெக்‌ஷனுக்கு அரசாங்கம் குடுக்குற அந்த ஃப்ரீ யூனிட்டும் அதே மீட்டருக்குத்தான் போகுது. இது உங்களுக்குத் தெரியாம இருக்காதுன்னு நான் நம்புறேன்.

எண்ணி முடிச்சதும், ஓனர் அதே வீட்ல குடியிருந்தா மட்டும்தான் ஹோம்ஸ்டேன்னு ஒரு ரூல் போடுங்க. புதுசா நீங்க எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. மத்திய சுற்றுலாத் துறையோட பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்துலயே ஓனர் குடும்பத்தோட அங்கயே இருக்கணும், ஆறு ரூமுக்கு மேல கூடாதுன்னு எழுதியிருக்கு. நியூயார்க்ல 2023 செப்டம்பர்ல இருந்து ஒரு மாசத்துக்கு குறைவா வீட்டை வாடகைக்கு விடணும்னா ஓனர் ரெஜிஸ்டர் பண்ணணும், கூடவே தங்கவும் செய்யணும். பார்சிலோனாவுல 10,000க்கு மேல இருக்கிற டூரிஸ்ட் ஃபிளாட் லைசென்ஸ் ஒண்ணைக்கூட 2028 நவம்பருக்கு மேல புதுப்பிக்க மாட்டோம்னு மேயரே சொல்லிட்டாரு, ஏன்னா அந்த ஊர் ஜனங்களுக்கே வாடகைக்கு வீடு கிடைக்கல. அவ்வளவு பெரிய ஊர்க்காரங்களே எங்க ஜனம் எங்க போகும்னு யோசிக்கிறாங்க. 2011 சென்சஸ்படி மாவட்டம் மொத்தமே ஏழரை லட்சம் பேருக்கு உள்ள இருக்கிற நம்மளால யோசிக்க முடியாதா?

ஒரு ரூம், ரெண்டு ரூமை டூரிஸ்டுக்கு விட்டுப் பொழைக்கிற குடும்பத்துக்கு இதனால ஒண்ணும் ஆகாது, அவங்களுக்கு வருமானம் கூடத்தான் செய்யும். அடி படப்போறது வெளியூர்ல உக்காந்துட்டு வரிசையா வீடு வாங்கி பூட்டுக்கு நம்பர் போட்டு சாவியை போன்ல அனுப்புறவங்களுக்குத்தான். அவங்க நஷ்டத்துக்கு நான் வருத்தப்பட முடியாது.

அப்புறம் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். 2017ல சட்டம் போட்டு 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்துச்சு, எழுத்துல அக்ரிமென்ட் வேணும், அதை ரெஜிஸ்டர் பண்ணணும், மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேக்கக் கூடாது, காலி பண்ண வைக்கணும்னா முறைப்படி போகணும்னு எல்லாம் இருக்கு. எங்க தெருவுல யார்கிட்டயும் அப்படி ஒரு பேப்பர் கிடையாது. கேட்டா வீடே கிடையாதுன்னுடுவாங்க, அதனால யாரும் கேக்க மாட்டாங்க. வருஷா வருஷம் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டு வராதீங்கன்னு எத்தனை செக்போஸ்ட்ல போர்டு வைக்கிறீங்க, அதே அக்கறையோட ஜனவரி, பிப்ரவரியில வார்டுக்கு ஒரு கேம்ப் போட்டு இந்த அக்ரிமென்ட்டை ரெஜிஸ்டர் பண்ணிக் குடுங்களேன். பரீட்சை முடியறதுக்கு முன்னாடி ஸ்கூல் போற பிள்ளை இருக்கிற குடும்பத்தை சீசனுக்காக காலி பண்ண வைக்கக் கூடாதுன்னு ஒரு வாய் உத்தரவாவது போடுங்க. ஓனர்மாரு உங்க பேச்சை மதிப்பாங்க, எங்க பேச்சை மதிக்க மாட்டாங்க.

மலை தாங்குமான்னு நடக்குற ஆய்வுலயும் இதைச் சேர்க்கச் சொல்லுங்க. ரோடு எவ்வளவு வண்டி தாங்கும், தண்ணி எவ்வளவு பேருக்கு வரும்னு பாக்குறவங்க, வாடகை எவ்வளவு ஏறுனா குடும்பங்க மலையை விட்டு எறங்குதுங்கிறதையும் பாக்கட்டும். எங்ககிட்ட வந்து கேக்கட்டும், நாங்க சொல்றோம்.

திங்கக்கிழமை குறைதீர் நாள்ல இதையே மனுவா எழுதி நானும் எங்க தெரு ஆளுங்களும் கொண்டு வர்றோம். அடுத்த சீசன் புக்கிங் ஓடிட்டு இருக்கு, அதனால மார்ச்சுக்கு முன்னாடி கணக்கெடுப்பை ஆரம்பிச்சுக் குடுங்கன்னு பணிவோட கேட்டுக்கிறேன். உங்க ஆளுங்க எங்க வார்டுக்கு எப்ப வர்றாங்கன்னு சொன்னீங்கன்னா போதும், அன்னிக்கு நான் லீவு போட்டுட்டு கூடவே வந்து ஒவ்வொரு வீடா காட்டுறேன்.

இப்படிக்கு,
வாடகை வீடு தேடிட்டு இருக்கிற ஊட்டிக்காரி