அண்ணத்துக்கு ஒரு தகடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டை, புளியரைப் பகுதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் செல்பவர்களுள் என் தாய்மாமாவும் ஒருவர். வெற்றிலையோடு புகையிலையும் மென்றவர். மேலண்ணத்தின் ஒரு பகுதியை அகற்றியதில் உயிர் பிழைத்தது. ஆனால் குடித்த கஞ்சி மூக்கு வழியே வந்தது, பேச்சும் எங்களுக்கே புரியவில்லை. அத்துளையை அடைத்துச் செயற்கைப் பற்களையும் தாங்கும் அக்ரிலிக் தகடு பொருத்திய பிறகே, அவர் பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்தார். காயம் ஆற ஆற வாயின் அமைப்பு மாறுவதால், தகட்டைப் பலமுறை சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மலை கடந்து போய் வருகிறோம். கதிர்வீச்சுக்குப் பின் பல் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், சொத்தைப் பற்களை முன்னதாகவே கவனிக்கவும் ஊரருகே ஆள் தேவை. தென்காசி அரசு மருத்துவமனைக்குச் செயற்கைப் பல் நிபுணர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது வந்து செல்ல, சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், புளியரை