வலம்புரிச் சங்கு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் வலம்புரிச் சங்கு விற்கும் வணிகர்களுக்கு,

வணக்கம். உங்கள் பக்கங்களில் வலம்புரிச் சங்கு சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுவாரியாகக் கிடைக்கிறது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்கள் கையில் ஒரு வலம்புரி சிக்கினால் ஊரே அதைப் பற்றிப் பேசும். உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா பெட்டி பெட்டியாக வந்து சேருகிறது?

விடை உங்களுக்கே தெரியும். நம் பூஜைச் சங்கு டர்பினெல்லா பைரம் என்னும் இனம். அதன் கூம்பை, அதாவது சுருள் தொடங்கும் முனையை, மேலே வைத்து, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் இருக்கும். எப்போதோ ஒன்று பிறவியிலேயே எதிர்த்திசையில் சுருண்டு வாய் இடப்பக்கம் அமையும். அதைத்தான் வலம்புரி என்கிறோம். நீங்கள் விற்பவற்றில் பெரும்பாலானவை 'லைட்னிங் வெல்க்' என்ற அமெரிக்கக் கடல் நத்தையின் ஓடு. அந்த இனத்தில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் சுருளும். டெக்சாஸ் மாநிலம் 1987-இல் தன் அடையாளச் சிப்பியாக அறிவித்ததே இந்த இனத்தைத்தான். பாவம், மட்டியைத் தின்று மணலில் பிழைக்கும் பிராணி; அதன் மேல் குற்றமில்லை.

இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரேயும் வேண்டாம், முத்திரை குத்திய சான்றிதழும் வேண்டாம். வாய்க்குள் எட்டிப் பார்த்தால் போதும். நம் சங்கின் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தடித்து, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு இருக்கும். வெல்க்கில் அந்த இடம் வழவழப்பு. ஓடும் மெல்லியது, தோள்பட்டையில் முண்டுகள் இருக்கும். மின்னல் போன்ற பழுப்புக் கோடுகளும் உண்டு. அவற்றைத் தேய்த்து வெள்ளையாக்கிய பிறகே உங்கள் கடைக்கு வருகிறது. காதில் வைத்தால் ஓம் என்று ஒலிக்கிறதாம்! வெறும் செம்பைக் காதில் வைத்தாலும் அதே இரைச்சல்தான்.

வாங்குபவரின் பக்தியில் நான் தலையிடவில்லை. அமெரிக்க ஓட்டைத்தான் பூஜையில் வைக்க வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்த இனம், எந்தக் கடல் என்று விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சிவப்புப் பட்டில் கவிழ்த்து எடுத்த படங்களோடு, வாயின் உட்புறம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்றும் சேருங்கள்.

இப்படிக்கு,
சங்கு ஆர்வலன் ஒருவன்